கஜாவும் ஒட்டுத்துணிப் போர்வையும்

அன்புள்ள அம்மா,

கஜா புயல் இரவில் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்ததாக உங்கள் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. கூரை பறக்கும் இரவில் ஊசி பிடிக்க எப்படி மனம் வந்தது? அந்தத் தையல் உங்களுக்குத் தியானமாக இருந்ததா? அந்தப் போர்வை இப்போது எங்கே இருக்கிறது?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

தியானம் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. 2018 நவம்பர் 15 இரவு, வேதாரண்யத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஓட்டு வீட்டில் தளம் போட்டிருந்த ஒரே அறைக்குள் மாமியாரும் நானும் பிள்ளைகள் இருவரும் அடைந்திருந்தோம். பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை நடுங்குவது அவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே கூடையிலிருந்த துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். மேலே சுங்குடிச் சேலைத் துண்டுகள், நடுவில் பழஞ்சேலை, அடியில் வேட்டி என மூன்று அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத்தையலுக்கு இயந்திரம் வேண்டாம். பல ஆண்டுகள் துவைத்து நைந்த பருத்தியில் ஊசி எளிதாக இறங்கும் என்பதால், அரிக்கேன் வெளிச்சத்தில் விரலால் தடவியே தைத்துவிடலாம்.

நள்ளிரவுக்குப் பின் காற்று திடீரென்று நின்றது. மாடு கட்டியிருந்த கொட்டகையைப் பார்க்க எழுந்த என்னை, 1952 புயலைச் சிறுமியாக இருந்து பார்த்த மாமியார், “உட்காரும்மா, அது திரும்பி வரும்” என்று கையைப் பிடித்து நிறுத்தினார். புயல் இங்கெல்லாம் இடஞ்சுழியாகச் சுழல்வதால், காற்று அடங்கிய நடுப்பகுதியான அதன் கண் ஓர் ஊரைக் கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து வீசும். வடக்கிலிருந்து வந்த காற்றில் வேர் தளர்ந்திருந்த தென்னைகள், தெற்கிலிருந்து வந்த காற்றில் அடியோடு சாய்ந்தன. அந்தச் சத்தத்துக்கு மேல் நான் ஒரு தையல்கூடப் போடவில்லை. ஓடு பறந்து கூடத்தில் கொட்டிய மழை அறைக்குள் புகுந்தபோது, போர்வையால்தான் வாசற்படியை அடைத்தோம்.

அந்த இரவைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். போர்வையைக் கெடுத்ததோ அதற்குப் பின் வந்த நாட்கள். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர 23 நாட்கள் ஆயின. மோட்டார் ஓடாததால், அடிபம்பில் வரிசையில் நின்று கிடைத்த இரண்டு குடம் குடிக்கவும் சமைக்கவுமே போதவில்லை. துணி அலச யாருக்கு மனம் வரும்? கடற்காற்று கொண்டுவந்த உப்பு துணியில் படிந்தால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வெயிலில் போட்டாலும் முழுக்கக் காயாது. நல்ல தண்ணீரில் பலமுறை அலசினால்தான் உப்பு போகும். ஈரமாக மடிந்து கிடந்த சிவப்புச் சுங்குடியின் சாயம் வெள்ளை வேட்டியில் இறங்கியது. ஒரு வாரத்துக்குள் கரும்புள்ளிகள் விழுந்தன. தென்னைகளின் கதையும் அப்படித்தான். அவை சாய்ந்தது ஓர் இரவில் என்றாலும், புதிதாக நட்ட நெட்டைக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதை எங்கள் வீட்டுச் செலவுக் கணக்கு எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. புயலைப் பற்றி எழுதுகிறவர்கள், என்னையும் சேர்த்து, இந்த நாட்களுக்கு இன்னும் அதிகப் பக்கங்களைக் கொடுத்திருக்க வேண்டும்.

போர்வை இப்போது மாமியாரின் கட்டிலில் இருக்கிறது. கரும்புள்ளி விழுந்து இற்றுப்போன நான்கு துண்டுகளைப் பிரித்தெடுத்துவிட்டு, நிவாரணப் பொருட்களோடு யாரோ அனுப்பியிருந்த பச்சைச் சேலையிலிருந்து வெட்டி அந்த இடங்களில் வைத்துத் தைத்தேன். சாயம் இறங்கிய வேட்டியை மட்டும் மாற்றவில்லை. அது என் மாமனாருடையது.

அன்புடன்.