நேரில் போய்க் காரணம் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27, திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். 4 வருடக் காதல். அவர் கத்தாரில் வேலை. மூன்று மாதத்துக்கு முன், "இது சரிவராது, என்னை மறந்திடு" என்று ஒரு வொய்ஸ் அனுப்பிவிட்டு வாட்ஸ்அப்பில் புளொக் செய்துவிட்டார். சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்கு வருகிறாராம். ஒரே ஒரு தரம் நேரில் பார்த்து ஏன் என்று கேட்டால் என் மனம் ஆறும். அம்மாவோ, "அதை மறந்திட்டு வேலையைப் பார்" என்கிறா. நித்திரையும் இல்லை. என்ன செய்ய?

பதில்: அன்புத் தங்கைக்கு,

போகாதீர்கள். வீட்டில் சம்மதமில்லை என்பார், இல்லாவிட்டால் கடன் என்பார். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு வழி உங்கள் வாயில் ஆயத்தமாக இருக்கும்: காத்திருக்கிறேன், நான் வந்து உங்கள் அம்மாவோடு கதைக்கிறேன். காரணம் கேட்கப் போன நீங்கள் கெஞ்சிக்கொண்டு நிற்பீர்கள். அந்த நிலைக்கு உங்களை விட எனக்கு மனமில்லை.

அம்மா சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எட்டு, 31ஆம் நாள் அந்தியேட்டி என்று அழுவதற்கு நாள் இருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது. காதல் முறிந்த பிள்ளையோ மறுநாளே தலைவாரி வேலைக்குப் போக வேண்டும். உங்கள் ஊர்க் கன்னியாவின் 7 வெந்நீர்க் கிணறுகளும் தாயின் கிரியைக்காக இராவணன் உண்டாக்கியவை என்பார்கள். அவ்வளவு பெரிய வீரனுக்கே துக்கம் கழிக்க ஓர் இடம் வேண்டியிருந்திருக்கிறது.

நீங்களும் போங்கள். ஆட்கள் சேருமுன், நம்பிக்கையான ஒரு சிநேகிதியோடு. ஆழமில்லாத கிணறுகள், அடி தெரியும். பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒவ்வொன்றிலும் சூடு வேறு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுங்கள். முகத்தில் வழிவது கிணற்றுத் தண்ணியா கண்ணீரா என்று அங்கே எவருக்கும் தெரியப்போவதில்லை. திரும்பி வந்ததும் அந்த வொய்ஸை அழிக்க வேண்டும். உங்களால் முடியாது, ஃபோனைச் சிநேகிதியிடம் கொடுங்கள்.

வருடப்பிறப்புக் கிழமை ஊரில் நிற்க வேண்டாம். சின்ன ஊர், டச்சுபே கடற்கரையிலோ கோணேசர் கோயிலடியிலோ எதிரே வந்துவிடுவார். மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ உறவுக்காரர் இருந்தால் பஸ் ஏறிவிடுங்கள்.

நித்திரையில்லாமை இன்னும் நீண்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். உயிரே வேண்டாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் அந்த நேரமே 1926க்கு அழையுங்கள். அது மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.

அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: "மறக்கச் சொல்லாதீங்கோ அம்மா. இரவில கொஞ்ச நேரம் எனக்குப் பக்கத்தில படுங்கோ."