குற்றக்கதைகளுக்கென்று ஒரு கடை

அன்புள்ள ஐயா,

லண்டன் சாரிங் கிராஸ் ரோட்டில் இருந்த ‘மர்டர் ஒன்’ புத்தகக்கடை மூடப்பட்டதை உங்கள் கட்டுரை ஒன்றில் போகிற போக்கில் குறிப்பிட்டு, இன்றுவரை ஈடுகட்டப்படாத இழப்பு என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இது விளங்கவில்லை. கொலைக்கதைகளை மட்டும் விற்ற கடை. வாசகர் வரவில்லை, மூடினார்கள். வியாபாரத்தில் இது நடப்பதுதானே? அங்கே விற்ற நூல்கள் எல்லாம் இன்று இணையத்தில் இரண்டே நாளில், அதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. நம் ஊரில் துப்பறியும் நாவல்களுக்கென்று கடை எதுவும் இருந்ததில்லை. பஸ் நிலையப் பெட்டிக்கடைகளிலேயே அவை கொடிகட்டிப் பறந்தன. ஒரு செவ்வியல் நூலகம் மூடப்பட்டால் வருந்தலாம். கொலையும் ரத்தமுமான கதைகளுக்கு இவ்வளவு வருத்தம் தேவையா?

குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். மே மாதம் மகன் வீட்டுக்கு நியூ ஜெர்சி செல்கிறேன். அந்தப் பக்கம் இப்படிப்பட்ட கடை இன்னும் இருந்தால் சொல்லுங்கள். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
ஆர்., திருச்சி

*

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

‘வாசகர் வரவில்லை, மூடினார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நடந்தது அது இல்லை.

மாக்ஸிம் யாக்குபோவ்ஸ்கி என்ற எழுத்தாளரும் தொகுப்பாசிரியருமானவர் 1988இல் மர்டர் ஒன் கடையைத் தொடங்கினார். 2009 ஜனவரி இறுதியில் அது மூடப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 2008 ஜனவரியில், ஸ்வீடன் குற்றக்கதை எழுத்தாளர் ஸ்டீக் லார்சனின் முதல் நாவல் ஆங்கிலத்தில் வெளிவந்திருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய மூன்று நாவல்களும் விற்ற விற்பனையை நீங்களே பார்த்திருப்பீர்கள். ரயிலில், விமானத்தில், யார் மடியைப் பார்த்தாலும் அதுதான். அவரைத் தொடர்ந்து ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து என்று வட ஐரோப்பியக் குற்றக்கதைகள் வரிசைகட்டி வந்தன. குற்றக்கதைக்கு நல்ல காலம் பிறந்துகொண்டிருந்த நேரத்தில், இருபது ஆண்டுகளாக அதற்கென்றே நடந்த கடை கதவைச் சாத்தியது. வாசகர் குறைந்திருந்தால் இதைப் புரிந்துகொள்வது எளிது. வாசகர் பெருகிக்கொண்டிருக்கும்போது ஏன் இப்படி ஆனது?

குற்றக்கதை நன்றாக விற்றதுதான் குற்றக்கதைக் கடையைக் கொன்றது என்று நினைக்கிறேன். முரணாகப் படலாம். கணக்கைப் பார்த்தால் முரண் இல்லை.

இத்தகைய கடைக்கு வாடகை கட்டுபவை எல்லோரும் வாங்குகிற பத்து இருபது பெரிய நூல்கள். மாதம் ஒரு பிரதிகூட விற்காத, ஆனால் தேடி வருகிறவருக்கு வேறெங்கும் கிடைக்காத ஆயிரக்கணக்கான நூல்களை அலமாரியில் வைத்திருக்க முடிவது அந்தப் பெரிய நூல்கள் கொடுக்கும் காசால்தான். பிரிட்டனில் 1900 முதல் நெட் புக் அக்ரிமென்ட் என்றொரு ஏற்பாடு இருந்தது. பதிப்பாளர் போட்ட விலைக்குக் குறைத்து எந்தக் கடையும் விற்கக் கூடாது. அந்த ஏற்பாடு இருந்தவரை மூலையில் இருக்கும் சிறு கடைக்கும் ஊர் நடுவில் இருக்கும் பெரும் கடைக்கும் ஒரே விலை. 1995இல் பெரிய பதிப்பாளர்கள் சிலர் அதிலிருந்து விலக, ஏற்பாடு உடைந்தது. 1997இல் அது சட்ட விரோதம் என்றே தீர்ப்பும் வந்துவிட்டது. 1998இல் அமேசான் பிரிட்டனுக்குள் வந்தது. காய்கறி விற்கிற சூப்பர் மார்க்கெட்டுகள் நூல்களையும் அடுக்க ஆரம்பித்தன. எந்த நூல்களை? எல்லோரும் வாங்குகிற அந்தப் பத்து இருபதை மட்டும்.

2007இல் ஹாரி பாட்டர் வரிசையின் கடைசி நூல் வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அட்டையில் போட்டிருந்த விலை 17.99 பவுண்டு. ஆஸ்டா என்ற சூப்பர் மார்க்கெட் அதை 5 பவுண்டுக்கு விற்றது. சிறு புத்தகக்கடைக்காரருக்கு மொத்த விற்பனையாளர் கொடுக்கும் கழிவெல்லாம் போக அவர் கொள்முதல் செய்யும் விலையே அதைவிட அதிகம். அந்த நட்டத்தை பால் பாக்கெட்டிலும் ரொட்டியிலும் சூப்பர் மார்க்கெட் எடுத்துவிடும். புத்தகக்கடைக்காரர் எங்கே போய் எடுப்பார்? குற்றக்கதைகளில் பெரும்பெயர்கள் எல்லாவற்றுக்கும் சிறிய அளவில் இதே கதிதான் நேர்ந்தது. இயான் ரேங்கினின் புதிய நாவலைப் பாதி விலைக்கு சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போனவர், பெயர் தெரியாத ஓர் எழுத்தாளரின் முதல் நாவலைத் தேடும்போது மட்டும் சிறப்புக் கடைக்கு வருவார். அதை மட்டும் விற்று லண்டன் நடுவில் வாடகை கட்ட முடியாது.

பிரான்சில் 1981இலேயே சட்டம் போட்டார்கள். நூலின் விலையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் யாரும் தள்ளுபடி தரக் கூடாது. ஜெர்மனியிலும் நிலைவிலை சட்டமாகவே இருக்கிறது. அங்கெல்லாம் சிறு கடைகள் சுகமாக வாழ்கின்றன என்று சொல்லமாட்டேன். ஆனால் சண்டை சமதளத்தில் நடக்கிறது. விலை குறைந்தால் வாசகருக்கு லாபம் என்ற வாதம் எனக்கு ஒருபோதும் முழுமையாகப் பட்டதில்லை. எந்த நூலின் விலை குறைகிறது என்று பாருங்கள். ஏற்கெனவே லட்சக்கணக்கில் விற்பதன் விலைதான்.

அடுத்து, எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது என்கிறீர்கள். கிடைக்கிறது. நானும் வாங்குகிறேன். பெயர் தெரிந்த நூலை வாங்குவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. பெயர் தெரியாத நூலை என்ன செய்வீர்கள்?

குற்றக்கதை பெரும்பாலும் வரிசையாக எழுதப்படுவது. ஒரே துப்பறிவாளர், பத்து நாவல், இருபது நாவல். ஸ்வீடனில் மாய் ஷோவாலும் பெர் வாலேயும் சேர்ந்து 1965 முதல் 1975 வரை மார்ட்டின் பெக் என்ற போலீஸ் அதிகாரியை வைத்துப் பத்து நாவல்கள் எழுதினார்கள். அந்தப் பத்தும் சேர்ந்து ஒரு நாட்டின் பத்தாண்டு வரலாறு. நலத்திட்ட அரசு என்று உலகமே புகழ்ந்த சமூகத்தின் அடியில் என்ன அழுகிக்கொண்டிருந்தது என்பதை அந்த இருவரும் ஒரு பிணத்திலிருந்து தொடங்கி எழுதிக்காட்டினார்கள். அதை ஏழாவது நாவலில் தொடங்கிப் படித்தால் கொலையாளி யார் என்பது மட்டும் கிடைக்கும். பெக்கின் குடும்பம் எப்படிக் கலைந்தது, கூட வேலை பார்ப்பவர்கள் எப்படி மாறிப்போனார்கள் என்பதெல்லாம் கைநழுவிப் போகும். பொதுக் கடைகளில் இத்தகைய வரிசையில் கடைசியாக வந்த இரண்டு நூல்கள் இருக்கும், நடுவில் உள்ளவை அச்சில் இல்லாமல் கிடக்கும். முதல் நூலிலிருந்து கடைசி நூல்வரை அடுக்கி வைத்திருப்பதும், இல்லாததைக் கடல் கடந்து வரவழைத்துக் கொடுப்பதும் சிறப்புக் கடைக்காரரின் வேலை.

ஐரோப்பாவில் இப்படிப்பட்ட கடை ஒன்றில் நான் பார்த்த காட்சி இது. வயதான ஒரு பெண்மணி ஒரு வரிசையின் ஆறாவது நாவலை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தார். கடைக்காரர் விலையை அடிக்கவில்லை. ‘நான்காவது படித்தீர்களா?’ என்று கேட்டார். இல்லை என்றார் அந்தப் பெண்மணி. கடைக்காரர் எழுந்து போய் நான்காவதை எடுத்து வந்து, ஆறாவதை வாங்கித் தனக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ‘நான்காவதில் ஒருவர் இறந்துவிடுகிறார். அது யார் என்பது ஆறாவதின் முதல் பக்கத்திலேயே வருகிறது. முதலில் இதைப் படியுங்கள், அது எங்கும் போகாது’ என்றார். நான்காவது நாவலின் பழைய பதிப்பு ஆறாவதைவிட விலை குறைவு. கடைக்கு அன்றைக்கு நட்டம்தான். அந்தப் பெண்மணியோ மேலும் பத்து நிமிடம் நின்று, தான் படித்ததில் எது பிடித்தது, எது பொறுக்கவில்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, கேள்வியே பட்டிராத இன்னொருவரின் நாவலையும் வாங்கிக்கொண்டு போனார். அந்த இரண்டாவது நூலை எழுதியவர் யாரோ, அவர் பிழைத்திருப்பது இப்படித்தான். ஒரு பிரதி, ஒரு வாசகர், ஒரு பரிந்துரை. ‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்று கணினி காட்டும் பட்டியல் ஏற்கெனவே விற்பதைத்தான் மேலும் விற்கும். விற்காத நல்ல நூலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

இதைக் கடைக்காரர்களே ஒரு விருதாக ஆக்கியிருந்தார்கள். அமெரிக்காவின் தனிக் குற்றக்கதைக் கடைகள் சேர்ந்து பல ஆண்டுகள் ‘டிலிஸ் விருது’ கொடுத்துவந்தன. சிறந்த நாவலுக்கு என்று இல்லை, அதிகம் விற்ற நாவலுக்கு என்றும் இல்லை. அந்த ஆண்டில் விற்பதற்கு எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த நூல் எதுவோ அதற்கு. இப்படியொரு அளவுகோலை எந்த நடுவர் குழுவும் யோசித்திருக்க முடியாது. தினமும் ஒருவர் கையில் நூலைக் கொடுத்து, அவர் திரும்பி வந்து சொல்வதைக் கேட்கிறவர்களுக்கே அது தோன்றும்.

விருதுக்குப் பெயர் தந்த டிலிஸ் வின் 1972இல் நியூயார்க்கில் ‘மர்டர் இங்க்’ என்ற கடையைத் திறந்தார். மர்மக்கதைக்கென்றே தொடங்கப்பட்ட முதல் கடை என்று அதைச் சொல்வார்கள். பின்னால் கை மாறியும் நடந்துவந்த அது 2006 டிசம்பர் கடைசி நாளோடு நின்றுபோனது. மன்ஹாட்டனிலேயே ‘பிளாக் ஆர்க்கிட்’ என்ற கடையும் அதே ஆண்டில் மூடப்பட்டது. சியாட்டிலில் 1990 முதல் இருந்த கடை 2017இல் மூடியது. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் 1992 முதல் இருந்தது 2018இல். இவற்றை நான் ஒரே பட்டியலில் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்று என்பதற்காக இல்லை. சில இடங்களில் வாடகை, சில இடங்களில் உரிமையாளரின் வயது. சில இடங்களில் வாங்கி நடத்த ஆள் வரவில்லை. அடுத்தவர் ஏன் வரவில்லை என்று கேட்டால் மறுபடி அந்தக் கணக்குக்குத்தான் வந்து நிற்போம்.

நம் பஸ் நிலையங்களுக்கு வருகிறேன். நீங்கள் சொன்னது சரி. கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட மாத நாவல்கள் சென்ற இடங்களுக்கு எந்த இலக்கிய நூலும் போனதில்லை, அந்தப் பரவலை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முறையில் ஒரு நாவலின் ஆயுள் ஒரு மாதம். அடுத்த மாதத்து நாவல் வந்ததும் இது இறங்கிவிடும். பெட்டிக்கடைக்காரருக்கு அதைச் சேர்த்து வைக்க இடமும் இல்லை, காரணமும் இல்லை. சேர்த்து வைத்தவை வாடகை நூலகங்கள். நான்கைந்து நாவல்களை ஒன்றாகத் தைத்து, காலிகோ அட்டை போட்டு, முதுகில் எண் எழுதி வைத்திருப்பார்கள். அவையும் ஒவ்வொன்றாக மூடப்பட்டு எடைக்குப் போயின. எண்பதுகளின் தமிழ்த் துப்பறியும் நாவல்களை ஆண்டு வரிசையில் இன்று படிக்க விரும்புகிறவர் எங்கே போவார்? மறுபதிப்பாக வருபவை பெரும்பாலும் சில பெரும்பெயர்களுடையவையே. மற்றவர்கள் எழுதினார்கள் என்பதற்கே பழைய புத்தகக் கடைகளில்தான் தடயம் தேட வேண்டியிருக்கிறது. பரவலாக விற்பதும் பாதுகாத்து வைப்பதும் வேறு வேறு வேலைகள். நமக்கு முதலாவது அபாரமாக வாய்த்தது, இரண்டாவது வாய்க்கவே இல்லை. லண்டனில் ஒரு கடை மூடப்பட்டதற்கு நான் வருந்துவதில் இந்த ஆதங்கமும் கலந்திருக்கிறது.

கொலையும் ரத்தமும் என்கிறீர்கள். மார்ட்டின் பெக் பற்றி மேலே எழுதியதே அதற்கும் பதில்.

நியூயார்க்கில் ‘மிஸ்டீரியஸ் புக்‌ஷாப்’ இன்னும் இருக்கிறது. ஓட்டோ பென்ஸ்லர் அதை 1979 ஏப்ரல் 13 அன்று திறந்தார். அது ஒரு வெள்ளிக்கிழமை. பதின்மூன்றாம் தேதியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் அவர்கள் ஊரில் ஆகாத நாள், வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது. 2005இல் டிரைபெகா பகுதியின் வாரன் தெருவுக்கு இடம் மாறினார்கள். அது பிழைத்திருப்பது அலமாரி விற்பனையால் மட்டும் இல்லை. பென்ஸ்லர் பதிப்பாளரும்கூட. எழுத்தாளர் கையெழுத்திட்ட முதல் பதிப்புகளைச் சேகரிப்பாளர்களுக்கு அஞ்சலில் அனுப்புகிறார்கள். 1993 முதல் ஆண்டுதோறும் ஓர் எழுத்தாளரிடம் சொல்லி, கிறிஸ்துமஸ் காலத்தில் நடக்கிற, அந்தக் கடையும் எப்படியாவது வருகிற ஒரு மர்மச் சிறுகதை எழுதி வாங்கி, அச்சிட்டு வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவருகிறார்கள். அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் 1989இல் பார்பரா பீட்டர்ஸ் தொடங்கிய ‘பாய்சன்டு பென்’ கடையும் கையெழுத்திட்ட பிரதிகளின் அஞ்சல் வியாபாரத்தில் வேரூன்றிய ஒன்று. இவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இதைக் காட்டி ‘திறமை இருந்தால் பிழைக்கலாம்’ என்று மூடியவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களைக் கண்டால் கோபம் வருகிறது. நல்ல புத்தகக்கடைக்காரராக இருப்பதே முழு வாழ்க்கைக்கான வேலை. அதோடு பதிப்பாளராகவும் இருந்தால்தான் சோறு என்பது நியாயமான ஏற்பாடு ஆகாது.

நியூ ஜெர்சியிலிருந்து ரயிலில் மன்ஹாட்டன் போய் இறங்கினால் வாரன் தெரு நடக்கிற தூரம். உயரமான அலமாரிகள், ஏறி எடுக்க ஏணி, ஷெர்லாக் ஹோம்ஸுக்கு மட்டும் தனிப் பகுதி. நூல் பட்டியல் எதையும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் படித்து ரசித்த மூன்று கதைகளைச் சொல்லுங்கள், துப்பறியும் கதையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிடிக்காத ஒன்றையும் சொல்லுங்கள், கடைக்காரருக்கு அதுதான் அதிகம் உதவும். அவர் கொடுப்பதை ஒன்றாவது வாங்குங்கள். கைபேசியில் அங்கேயே விலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம். ஊர் திரும்புவதற்குள் படித்துவிட்டீர்கள் என்றால், நேரம் இருந்தால் இன்னொரு முறை போய் எப்படி இருந்தது என்று அவரிடமே சொல்லிவிட்டு வாருங்கள். எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.