பினாங்கில் சைவம் கேட்டுச் சாப்பிடுவது

அன்புள்ள ஐயா,

திருச்சியிலிருந்து பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு நிறுவனத்தில் வேலைக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. பிறந்ததிலிருந்து சைவம், முட்டையும் கிடையாது. வந்த நாள் முதல் லிட்டில் இந்தியாவின் சைவ உணவகங்களைத் தாண்டி எங்கும் சாப்பிட்டதில்லை. அலுவலக நண்பர்களோடு கோப்பிக்கடைக்குப் போனால் ஒரு எலுமிச்சை ஜூஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் துணிந்து, ‘வெஜிடேரியன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கீரை கேட்டேன். வந்த தட்டில் இறால் வாடை. கேட்டால், “சாயூர்தானே?”, அதாவது காய்கறிதானே, என்கிறார்கள். இங்கே யாருக்கும் சைவம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. போலி இறைச்சி விற்கும் சீனக் கடைக்குள் போகவும் கூச்சம். அடுத்த வாரம் எங்கள் பிரிவின் விருந்து, கடலுணவுக் கடையில். வராமலிருக்க என்ன காரணம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது அம்மாவுக்குப் பினாங்கு பலகாரம், அந்தப் பருப்பு பிஸ்கட், வாங்கிப் போகலாமா?

உங்கள் வாசகன்,
பாயான் லெப்பாஸ்

*

அன்புள்ள தம்பி,

காரணமெல்லாம் தேட வேண்டாம், விருந்துக்குப் போங்கள். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு மறுப்பு. இங்கே யாருக்கும் சைவம் தெரியாது என்கிறீர்கள். பினாங்குச் சீனர்களில் எத்தனையோ பேர் சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, புலால் தொடுவதில்லை. அவர்களுடைய கோயில் சைவத்தில் வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. நீங்கள் ரசித்துச் சாப்பிடும் வெங்காயச் சாம்பாரைச் சைவம் என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். சைவம் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். நீங்கள் போய்க் கேட்ட கடை வேறு.

அந்தக் கீரை விஷயத்தில் கடைக்காரர் மேல் தப்பில்லை. காய்கறி கேட்டீர்கள், காய்கறி வந்தது. கங்கோங் கீரையைப் பெலாச்சான் இல்லாமல் வதக்கலாம் என்பது அந்த அடுப்படியில் யாருக்கும் தோன்றாது. பொடி இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து, இடித்து, காயவைத்த கட்டிதான் பெலாச்சான். நமக்குப் பெருங்காயம் எப்படியோ அப்படி அவர்களுக்கு அது. ரசத்தில் பெருங்காயம் போட்டேன் என்று யாராவது தனியாகச் சொல்வார்களா?

அதனால் ‘வெஜிடேரியன்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பாதீர்கள். எது வேண்டாமோ அதை மலாயில் பெயர் சொல்லி விலக்குங்கள். பெலாச்சான் தக் மாவ், ஊடாங் கெரிங் தக் மாவ், இக்கான் பிலிஸ் தக் மாவ். இறால் கட்டி வேண்டாம், காய்ந்த இறால் வேண்டாம், நெத்திலி வேண்டாம். அப்புறம் சிப்பி சாஸ். கண்ணுக்குப் பளபளவென்று வெறும் கீரையாகத் தெரிவதன் மேல் ஊற்றியிருப்பது பெரும்பாலும் அதுதான். முட்டை, அதாவது தெலுர், வேண்டாமென்றால் அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இத்தனையும் சொன்ன பிறகு, “அப்படியென்றால் சுவையே இருக்காதே” என்று கடைக்கார அக்கா வருத்தப்படுவார். படட்டும்.

நாசி கண்டார், அதாவது சோற்றின் மேல் பல குழம்புகளை ஊற்றித் தரும் சாப்பாடு, அந்தக் கடையில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே உங்களுக்கு மொழிப் பிரச்சினையே இல்லை. அதைக் காவடித் தண்டில் சுமந்து விற்று வளர்த்ததே நம் தமிழ் முஸ்லிம்கள்தான், இன்றும் பல கடைகளில் தமிழிலேயே பேசலாம். பிரச்சினை கரண்டி. நீங்கள் வெண்டைக்காயும் முட்டைக்கோசும் காட்டி முடிப்பதற்குள், கறிக்குழம்பு, மீன்குழம்பு, மாட்டுக்குழம்பு என்று மூன்று சட்டியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் அள்ளிச் சோற்றின் மேல் ஊற்றிவிடுவார்கள். அந்தக் கலவைதான் அந்தச் சாப்பாட்டின் உயிர், அதனால் கை தானாகப் போகும். தட்டை எடுக்கும்போதே, “அண்ணே, குழம்பு எதுவும் ஊத்தாதீங்க” என்று சொல்லிவிடுங்கள். பருப்பாவது ஊற்றட்டும் என்று டால்ச்சாவைக் காட்டாதீர்கள், அதில் ஆட்டெலும்பு கிடக்க வாய்ப்பு அதிகம். தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடையில், நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய்க்கும் ‘பருப்பு மட்டும்’ என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாவில் முட்டை சேர்ப்பவர்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால் ஒரு சைவனுக்கு நாசி கண்டார் கடையில் பெரிதாக வேலை இல்லை.

வேலை இருப்பது நீங்கள் கூச்சப்படும் கடையில். மஞ்சள் பலகையில் சைவம் என்று பொருள்படும் 素 என்ற சீன எழுத்து, பக்கத்தில் சில கடைகளில் ஸ்வஸ்திகம் போன்ற ஒரு குறி. அதைப் பார்த்தால் தயங்காமல் உள்ளே போங்கள். மதியம் பதினொன்றரைக்குப் போனால் நீளமான மேசையில் இருபது முப்பது தட்டுகள் ஆவியோடு இருக்கும். சோற்றை வாங்கிக்கொண்டு நீங்களே போட்டுக்கொள்ளலாம். பாகற்காய்ப் பொரியல், இஞ்சி போட்ட டோஃபு, காளான், புளிக்கவைத்த சோயாவில் வதக்கிய பயத்தங்காய், தேங்காய்ப்பால் கறி. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஆண்ட்டியிடம் தட்டைக் காட்டினால், ஒரு பார்வை பார்த்து, இத்தனை வெள்ளி, அதாவது ரிங்கிட், என்பார். தராசும் கிடையாது, கணக்கும் கிடையாது. அவர் எதை வைத்து விலை சொல்கிறார் என்று இந்த ஊரில் பிறந்த எனக்கே புரிந்ததில்லை.

போலி இறைச்சி உங்களை உறுத்துகிறது. சோயா, கோதுமைப் பசை, காளான் தண்டு, இவ்வளவுதான் சமாசாரம். ‘மீன்’ என்பது சோயாப்பால் ஆடையைச் சுருட்டி, தோலுக்குப் பதிலாகக் கடற்பாசித் தாளை ஒட்டிப் பொரித்தது. எனக்கு அந்த வடிவம் பிடிக்காது, எடுப்பதில்லை. காளான் தண்டில் செய்த ‘மட்டன்’ கறியை மட்டும் விடமாட்டேன். உங்களுக்கு எதுவுமே பிடிக்காவிட்டால் பக்கத்துத் தட்டில் பாகற்காய் இருக்கிறது. ஆனால் சில போலி வகைகளில் முட்டை வெள்ளைக்கரு சேரும், உங்கள் விஷயத்தில் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில், முதல் ஒன்பது நாள், ஒன்பது பேரரசர் திருவிழா வரும். வெள்ளை உடுத்திக்கொண்டு ஊரில் பாதி சைவத்துக்கு மாறும், தெருவோரக் கடைகளில் மஞ்சள் கொடி பறக்கும். பெரும்பாலான வருடங்களில் அது நம் நவராத்திரியோடு சேர்ந்தே வரும், 2024-இல் இரண்டும் அக்டோபர் 3 அன்றே தொடங்கின. 2025-இல் சீன நாள்காட்டியில் ஒரு மாதம் கூடுதல் என்பதால் தீபாவளிக்கு மறுநாள் தொடங்கியது. புரட்டாசி விரதமும் அதுவும் ஒட்டி வரும் வருடங்களில் சைவனுக்குப் பினாங்கைப் போல ஓர் ஊர் கிடையாது. வழக்கமாக இறாலும் பன்றிக்கொழுப்பும் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாத சார் குவே தியாவ் என்ற வறுத்த அரிசி நூடுல்ஸ்கூட அந்த நாட்களில் சைவமாகக் கிடைக்கும். அதுவரை பொறுக்க முடியாதென்றால் ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி கோயிலிலேயே ஒரு சைவ உணவகம் இருக்கிறது. கீழே சந்தைப் பக்கம் எல்லோரும் சாப்பிடும் லக்சா என்ற நூடுல்ஸை மட்டும் மறந்துவிடுங்கள். அதன் சாறே மீன்தான், மேலே இறால் விழுது வேறு. பினாங்கு ரொஜாக்கும் அப்படித்தான், பழமும் காயும் நறுக்கி இறால் விழுதில் புரட்டியது. தேங்காய்ப்பாலும் ஐஸும் சேர்ந்த செண்டோல் இனிப்பைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஒரே வாணலி, ஒரே கரண்டி என்ற கேள்வியை நீங்கள் எழுப்பவில்லை, ஆனால் மனதில் இருக்கும். அதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு கிளம்புங்கள், கடைவாசலில் நின்று யோசித்தால் பசிதான் மிஞ்சும். நான் கழுவிய வாணலியைப் பொறுத்துக்கொள்வேன், பன்றிக்கொழுப்பில் தாளித்ததைத் தொட மாட்டேன். என் மனைவிக்கு இரண்டும் ஆகாது. அதனால் நாங்கள் சேர்ந்து போகும் கடைகள் குறைவு, சண்டையும் குறைவு.

சரி, விருந்து. இடம் பதிவு செய்யும் சீன நண்பரைப் பிடித்து, முந்தின நாளே கடைக்குப் போன் போடச் சொல்லுங்கள். இங்குள்ள சீனர்கள் பேசும் ஹொக்கியனில் ‘சியா சாய்’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விரதக்காரர் வருகிறார் என்று சமையல்காரருக்குப் புரிந்துவிடும். மண்சட்டி டோஃபு, காளானும் பச்சைக்காயும், ஒரு வெள்ளைச் சோறு. டோஃபுவின் மேல் அரைத்த இறைச்சி தூவ வேண்டாம், சிப்பி சாஸுக்குப் பதில் காளான் சாஸ் என்பதையும் அவரே சொல்லட்டும். அன்றைக்கு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் போய்க் கேட்டால் யாருக்கும் காது கேட்காது.

அம்மாவுக்கு வாங்க நினைக்கும் பிஸ்கட்டின் உள்ளே பாசிப்பருப்புப் பூரணம்தான். ஆனால் மேல்மாவைப் பழைய முறையில் பிசைவது பன்றிக்கொழுப்பில். தாவர எண்ணெயில் செய்பவர்களும் இருக்கிறார்கள், பெட்டியில் எழுதியிருக்கும், எழுதாவிட்டால் கேளுங்கள். வெங்காயம் வதக்கிச் சேர்ப்பார்கள் என்பதால் அம்மாவின் ஏகாதசிக்கு ஆகாது.