தொழிற்கூடத்திலிருந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் தறி வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஆலையொன்றில் இரண்டு ஆண்டுகளாக சி.என்.சி. லேத் (கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரம்) ஆபரேட்டராக இருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் ஆலையில் ஒப்பந்த முறையில் அசெம்பிளி லைன் வேலை இருப்பதாகவும், மாதம் மூவாயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்றும் நண்பர்கள் அழைக்கிறார்கள். மின்சார வாகனங்கள் பெருகினால் இப்போதைய வேலையே இருக்காது என்றும் பயமுறுத்துகிறார்கள். இந்தத் துறையில் முப்பது ஆண்டுகள் நிலைத்திருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் வீட்டு நிலையில் மூவாயிரம் ரூபாய் சிறிய தொகையன்று என்பதை அறிந்தே சொல்கிறேன், இப்போது போக வேண்டாம். ஒப்பந்தக் காலம் முடிந்து நீங்கள் வெளியே வரும்போது உங்கள் கையில் என்ன தொழில் இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரே இடத்தில் நின்று ஒரே போல்ட்டை முடுக்கிய அனுபவத்தை அடுத்த ஆலை பெரிதாக மதிப்பதில்லை. ஆலையின் பெயரும் நம்மைக் கடைசிவரை காப்பாற்றாது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே மறைமலை நகர் ஆலையில் உற்பத்தி நின்றது.

நிலைத்திருப்பதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான்: உருப்படி ஏன் தவறாக வருகிறது என்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவராக ஆக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலை ஷிஃப்டின் முதல் ஒரு மணி நேரத்தில் கடையும் தண்டுகள் மட்டும் அளவு தவறின. அளவு ஏறினால் ஆஃப்செட்டை, அதாவது வெட்டும் கருவியின் நிலைக்கான திருத்த அளவை, குறைப்போம், இயந்திரம் சூடேறிய பிறகு அளவு இறங்கிவிடும், மறுபடி மாற்றுவோம். இப்படியே பல நாட்கள் ஸ்க்ராப் பெட்டி நிறைந்தது. இயந்திரத்தை வேலைக்கு அமைத்துக் கொடுக்கும் மூத்த செட்டர் ஒருவர் எங்களை ஆஃப்செட்டைத் தொடவிடாமல், உருப்படி எதுவும் மாட்டாமல் உருப்படியைச் சுழற்றும் ஸ்பிண்டிலையும் கருவியை நகர்த்தும் அச்சுகளையும் இருபது நிமிடம் ஓடவிட்டார். அதற்குப் பிறகு கடைந்த முதல் தண்டே சரியாக வந்தது. கடைந்தெடுத்த தண்டைச் சூடாக இருக்கும்போதே அளக்கக் கூடாது என்பதையும் அவரிடம்தான் கற்றேன். டிராயிங்கில் உள்ள அளவுகள் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு உரியவை. 50 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டு அதைவிட 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் ஏறத்தாழ 11 முதல் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெருத்திருக்கும். பேரிங் அமரும் அந்த அளவுத் தண்டுக்குப் பல டிராயிங்குகள் அனுமதிக்கும் மொத்த டாலரன்ஸே, அதாவது அளவு விலகலுக்கான இடமே, 16 மைக்ரான்தான். சித்திரை மாதத்து சேலம் வெயிலில் ஏ.சி. இல்லாத பட்டறையில் மைக்ரோமீட்டர் பிடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆகவே, இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓசூரிலேயே இருந்து ஆபரேட்டர் நிலையிலிருந்து செட்டராக உயருங்கள். கருவியின் வெட்டுமுனையான இன்செர்ட் எத்தனை உருப்படிக்குப் பிறகு தேய்கிறது, எந்த ஷிஃப்டில் ரிஜெக்‌ஷன் கூடுகிறது என்று சொந்தமாக ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பிறகு கருவிகளும் அச்சுகளும் செய்யும் டூல் ரூம் அல்லது தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள். வாகன உதிரிபாக ஆலைகள் பின்பற்றும் ஐ.ஏ.டி.எஃப். 16949 தரமுறை, அளவீட்டுப் பிழைகளை ஆராயும் முறை, புள்ளியியல் வழித் தரக் கட்டுப்பாடு ஆகியவற்றை அங்கே வேலையோடு வேலையாகப் படிக்கலாம். இரண்டு முறை கேட்டும் லேத்தை விட்டு நகர விடவில்லை என்றால், அப்போது தயங்காமல் வேறு ஆலை தேடுங்கள். அதுவும் செட்டர் வேலைக்கே போங்கள்.

மின்சார வாகனத்தைப் பற்றிய பயத்தில் பாதிதான் உண்மை. பிஸ்டன், வால்வு, கிராங்க் ஷாஃப்ட், சைலன்ஸர் ஆகியவற்றை மட்டுமே செய்யும் ஆலைகளுக்கு வேலை குறையும். பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், வீல் பேரிங் எங்கும் போகப்போவதில்லை. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலும் மோட்டாரின் தண்டும் அதனோடு இணையும் பல்சக்கரமும் இன்னும் நுட்பமாகக் கடையப்பட வேண்டியவை. எஞ்சின் இரைச்சல் இல்லாத வண்டியில் பல்சக்கரத்தின் சிறு குறையும் காதில் விழும். உங்கள் ஆலை எந்தப் பாகத்தைச் செய்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அது முதல் வகையானால், சற்று முன்னதாகவே ஆலை மாறுங்கள்.

கேள்வி: நாங்கள் ஏற்காடு அடிவாரத்தில் இருக்கிறோம். பத்தாம் வகுப்பு முடித்த என் மகள் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து வாகன ஆலைக்கு வேலைக்குப் போக விரும்புகிறாள். எந்தப் பிரிவு நல்லது?

பதில்: இரண்டு ஆண்டுப் படிப்பான டூல் அண்ட் டை மேக்கர் கிடைத்தால் அதையே எடுக்கச் சொல்லுங்கள், இல்லையெனில் மெஷினிஸ்ட் அல்லது ஃபிட்டர். இவற்றில் ஒன்றை முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டிலும் அவ்வாறே சேரலாம் என்பதால் மேற்படிப்புக்கு வழி அடைபடாது. சேர்க்கும் முன், வகுப்பு நடக்கும் நாளொன்றில் மகளையும் அழைத்துக்கொண்டு அந்த ஐ.டி.ஐ.யின் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். லேத்துகளின் அடியில் புதிய இரும்புச் சுருள் கிடக்கிறதா, மாணவர்கள் தங்கள் கையாலேயே இயந்திரத்தை ஓட்டுகிறார்களா என்று கவனியுங்கள். தூசி படிந்த லேத்துகளைக் கண்டால் வேறு ஐ.டி.ஐ. தேடுங்கள்.