மூன்றாவது கட்சிக்கு ஓட்டு: மிச்சிகனுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

மனைவி வழியில் கிரீன் கார்டு கிடைத்து மூன்று மாதத்துக்கு முன் மிச்சிகன் வந்திறங்கிய தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊரில் நான் ரெண்டு கழகத்துக்கும் போட்டதே இல்லை அண்ணா, எப்பவும் மூணாவது ஆளுக்குத்தான். இங்கேயும் ரெண்டே கட்சி என்கிறார்கள். மூணாவது கட்சிக்குப் போட்டால் ஓட்டு வீணா? லைசென்ஸ் எடுக்கிற இடத்தில் ஓட்டர் பதிவு பற்றியும் கேட்பார்களாமே, டிக் பண்ணலாமா? அப்புறம் என்ன கார் வாங்கலாம், எந்த ஏரியாவில் பள்ளிக்கூடம் நன்றாக இருக்கும்?"

காருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். முதலில் அந்த டிக்.

பண்ணாதீர்கள் தம்பி. ஏற்கெனவே பண்ணியிருந்தால் இதற்கு மேல் படிக்காமல் ஒரு குடியேற்ற வக்கீலைப் போய்ப் பாருங்கள். கிரீன் கார்டு இங்கே வசிக்கவும் வேலை பார்க்கவும்தான். ஓட்டு சிட்டிசனுக்கு. லைசென்ஸ் கொடுக்கும் இடத்திலேயே ஓட்டர் பதிவுக்கும் வழி செய்ய வேண்டும் என்று 1993இல் ஒரு சட்டம் வந்தது, அதனால்தான் கேட்கிறார்கள். கவுண்டரில் இருப்பவர் நாள் முழுக்க அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பவர். உங்கள் கார்டின் நிறத்தைப் பார்த்து யோசித்துக் கேட்கிறார் என்று நம்பிவிடாதீர்கள். 1996இல் வந்த சட்டம் பொல்லாதது. சிட்டிசன் ஆகாதவர் ஜனாதிபதி தேர்தலிலோ காங்கிரஸ் என்கிற இந்த ஊர் நாடாளுமன்றத் தேர்தலிலோ ஓட்டுப் போட்டால் ஒரு வருடம் வரை சிறை, நாடு கடத்தவும் செய்யலாம். சிட்டிசன் என்று பொய்யாகச் சொல்லிக்கொண்டதாகப் பதிவாகிவிட்டால் அதைவிட மோசம். சிட்டிசன்ஷிப்புக்கு நிரப்பும் என்-400 படிவத்திலேயே, எப்போதாவது ஓட்டராகப் பதிந்திருக்கிறீர்களா, ஓட்டுப் போட்டிருக்கிறீர்களா என்று கேள்வி இருக்கிறது.

என்னோடு ஒரே கெஸ்ட் ஹவுஸில் கிடந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர். வேறொரு மாநிலத்தில் லைசென்ஸ் எடுக்கப் போனவர், நீட்டிய படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டார். வீட்டுக்கு ஓட்டர் கார்டு வந்தது. அவர் ஓட்டுப் போடவில்லை, டிராயரில் போட்டு மறந்துவிட்டார். பத்து வருடம் கழித்து சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவில் அந்தக் கார்டு எழுந்து வந்தது. வக்கீல் செலவு, ரெண்டு வருட இழுபறி. அதற்கு நடுவில் அவர் அம்மா இறந்தார். ஊருக்குப் போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்ற பயத்தில், போனில் ஒப்பாரியைக் கேட்டபடி இங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1999 ஜனவரியில் நான் டெட்ராய்ட்டில் இறங்கியபோது ஊரே பனியில் புதைந்து கிடந்தது. ரெண்டு அறையில் ஏழு பேர். வேலை கிடைக்கும்வரை சம்பளம் கிடையாது என்று என்னை அழைத்து வந்த கன்சல்டன்சி இங்கே வந்த பிறகுதான் சொன்னது. நாலு மாதம் பெஞ்சில், அதாவது புராஜெக்ட் இல்லாமல், இருந்தேன். எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டேன், விலகினால் பணம் கட்டுவதாக ஒரு பாண்டு உட்பட. புதிதாக வந்தவனுக்குக் கேள்வி கேட்கக் கூச்சம். எல்லாப் படிவமும் கட்டாயம் என்றுதான் தோன்றும். அந்தக் கூச்சத்தை விடுங்கள், வரிசையில் பின்னால் நிற்பவர் முறைத்தாலும் பரவாயில்லை.

இனி ஓட்டு. மனைவி சிட்டிசன் என்றால் உங்களுக்கு மூன்று வருடத்தில் விண்ணப்பிக்கும் தகுதி வரும். எச்1பி என்ற வேலை விசாவில் வந்த எனக்கு 16 வருடம் ஆனது. 2007 ஜூலையில் கிரீன் கார்டு வரிசை திடீரென்று திறந்தபோது ராத்திரியெல்லாம் விழித்து மனு போட்டவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இந்த ஓட்டைப் பற்றி யாராவது அலட்சியமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

வீணா என்று கேட்டீர்கள். ஊர்க் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். 2006 சட்டமன்றத் தேர்தலில் விஜயகாந்த் கட்சி தனியாக நின்று சுமார் 8.4 சதவீதம் வாங்கியது. ஜெயித்தது விருத்தாசலம் ஒன்றில்தான். ஆனால் அந்த 8.4 சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு 2011இல் அதிமுகவோடு பேரம் பேச முடிந்தது. 29 எம்எல்ஏக்கள் வந்தார்கள், அவர் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். நீங்கள் மூன்றாவது ஆளுக்குப் போட்ட ஓட்டு அங்கே அடுத்த தேர்தலில் கூட்டணிப் பேச்சில் செலவாகும். இங்கே ராஸ் பெரோ என்ற பணக்காரர் 1992இல் தனியாக நின்று 18.9 சதவீதம் வாங்கினார், ஏறத்தாழ 2 கோடி ஓட்டு. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் 538 எலெக்டர்களில் ஒருவர்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம், மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் எல்லாம் முதலில் வந்தவருக்கே அந்த மாநிலத்தின் எலெக்டர்கள் மொத்தமும். 1996இல் அவர் மறுபடி நின்றார். அதே 8.4 சதவீதம். 5 சதவீதத்தைத் தாண்டியதால் அடுத்த தேர்தலுக்கு அவருடைய சீர்திருத்தக் கட்சிக்கு அரசுப் பணம் வந்தது. 2000இல் அந்தப் பணத்தோடு நின்ற பேட் புகேனன் ஒரு சதவீதம்கூட வாங்கவில்லை. தொகுதிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டணி இங்கே கிடையாது. நியூயார்க் போல ஒன்றிரண்டு மாநிலங்களில் ஒரே வேட்பாளரை ரெண்டு கட்சிகள் நிறுத்தலாம். மெய்னிலும் அலாஸ்காவிலும் முதல் விருப்பம், ரெண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்திப் போடலாம். நம் மிச்சிகனில் ரெண்டும் இல்லை.

மிச்சிகனில் என்ன நடக்கும் என்பதற்கு 2016ஐப் பாருங்கள். அதுதான் நானும் என் மனைவியும் போட்ட முதல் ஜனாதிபதி ஓட்டு. மாநிலத்தில் விழுந்தது சுமார் 48 லட்சம் ஓட்டு. டிரம்ப் ஹிலாரியை ஜெயித்தது 10,704 ஓட்டு வித்தியாசத்தில். லிபர்டேரியன் கேரி ஜான்சனுக்கு 1,72,136, பசுமைக் கட்சி ஜில் ஸ்டைனுக்கு 51,463. என் மனைவியின் ஓட்டு இந்த ரெண்டில் ஒன்றில் இருக்கிறது. எதில் என்று எழுத அனுமதி இல்லை. அடுத்த நாள் காலை காபி போட்டுக்கொண்டே நான் அந்த எண்ணைச் சொன்னேன். "என் ஓட்டு ரெண்டு கட்சிக்கும் பாட்டன் சொத்தா? வேணும்னா வந்து கேட்டிருக்கணும்" என்றாள். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. ஆனாலும் என் எண்ணம் மாறவில்லை. கலிபோர்னியாவில் இருந்தால் மனசாட்சிப்படி யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள், அங்கே லட்சக்கணக்கில் வித்தியாசம். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியாவில் மூன்றாவது பெயருக்குப் போடுகிறவர், முதல் ரெண்டு பேரில் யார் வந்தாலும் தனக்குச் சம்மதம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் போட வேண்டும். அந்த முடிவை எடுக்காமல் வெறும் கோபத்தில் போடாதீர்கள்.

கோபத்தைக் காட்ட ஆகஸ்டில் வரும் பிரைமரி இருக்கிறது, கட்சியின் வேட்பாளர் யார் என்று ஓட்டர்களே முடிவு செய்யும் முதல் சுற்று. மிச்சிகனில் ஓட்டரைக் கட்சிவாரியாகப் பதிவதில்லை, எந்தக் கட்சியின் பத்தியில் வேண்டுமானாலும் போடலாம். ஒரே பத்தியில் போடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சிட்டிசன் ஆனதிலிருந்து எங்கள் ஊர் வாக்குச்சாவடியில் வேலை பார்க்கிறேன். காலை 7 மணிக்குத் திறக்க வேண்டும், இரவு 8 வரை. ஒவ்வொரு பிரைமரியிலும் ரெண்டு கட்சிப் பத்தியிலும் கலந்து போட்டுவிட்டு மெஷின் முன் திகைத்து நிற்பவர்களைப் பார்க்கிறேன். அப்படிப் போட்டால் கட்சிப் பகுதி முழுவதும் செல்லாது. 2024 பிப்ரவரியில் நடந்த ஜனாதிபதி பிரைமரியில், காஸா போரில் பைடன் மேல் கோபம் கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எந்த வேட்பாளருக்கும் இல்லை என்ற கட்டத்தில் போட்டார்கள். அந்தக் கோபத்தை நாடே பார்த்தது.

இன்னொன்று, ஓட்டுச் சீட்டைத் திருப்பிப் பாருங்கள். நவம்பரில் ஒரே கட்சிக்கு மொத்தமாகப் போட மேலே ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பினாலும் பள்ளி வாரியம், நீதிபதி, நூலக வரி இவற்றுக்கெல்லாம் தனித்தனியாகப் போட வேண்டும். பள்ளி வாரியத்துக்குச் சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது. ரெண்டு கட்சியும் பிடிக்காதவர் ஜெயிக்கக்கூடிய இடம் அதுதான், நம் ஆட்கள் தொடாத இடமும் அதுதான். பொங்கல் விழாவில் ராத்திரி பதினோரு மணிவரை கோபாலபுரத்தையும் போயஸ் தோட்டத்தையும் பற்றிச் சண்டை போடுவார்கள். தங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி வாரியத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் தெரியாது. கிரீன் கார்டு வாங்கி 20 வருடமாகியும் சிட்டிசன்ஷிப் எடுக்காமல் இந்த நாட்டு அரசியலைக் கரித்துக்கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

2000இல் நான் ஃபுளோரிடாவில், டாம்பாவில் ஒரு புராஜெக்டில் இருந்தேன். பக்கத்து மேஜையில் அறுபதை நெருங்கிய ஓர் அம்மா. கார் இல்லாத என்னை மூன்று மாதம் தினமும் வீட்டு வாசலிலிருந்து அலுவலகத்துக்குக் கூட்டிப்போனவர். பசுமைக் கட்சி ரால்ஃப் நேடருக்குத்தான் போட்டேன் என்று தேர்தல் அன்று பெருமையாகச் சொன்னார். பிறகு அந்த மாநிலத்தில் யார் ஜெயித்தார் என்பது 36 நாள் இழுத்தது. துளை போட்ட அட்டையை விளக்கில் தூக்கிப் பிடித்து எண்ணுவதை மதிய சாப்பாட்டு அறை டிவியில் சேர்ந்து பார்ப்போம். கடைசியில் புஷ் 537 ஓட்டில் ஜெயித்தார். அந்த மாநிலத்தில் நேடருக்கு 97,488. எண்ணிக்கையை நிறுத்தி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த மறுநாள் காரில் அவர் பேசவே இல்லை. சிக்னலில் நின்றபோது, உங்கள் ஊரில் எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டார். என் அப்பா வாத்தியார், தேர்தல் வேலைக்குப் போவார். பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்திருப்பார், நாலாம் நாள் விரலெல்லாம் ஊதா மையோடு வீட்டுக்கு வருவார் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அலுவலகம் வந்த பிறகும் இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை எழுதித் தந்தார். அப்பா அதை அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருந்தார், கடைசிவரை.