பத்துத் தண்டால் மட்டுமே எடுக்க முடிகிற நான் பிளாஞ்ச் நிலையை எட்ட எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வியில் நீங்கள் தந்திருக்கும் விவரங்கள் இவை: ஒரே மூச்சில் பத்துத் தண்டால், பாரில் மூன்று புல்-அப் எடுக்க முடிகிறது, ஜிம் வசதி இல்லை, மொட்டை மாடியும் பக்கத்துப் பூங்காவில் ஒரு பாரும் இருக்கின்றன, காணொளிகளைப் பார்த்துத் தினமும் முழங்கால்களை மார்போடு ஒடுக்கிக்கொண்டு இரு கைகளில் எழும்ப முயல்கிறீர்கள், இரண்டு விநாடிக்கு மேல் நிற்கவில்லை, மணிக்கட்டு வலிக்கிறது. என் பதில், பிளாஞ்ச் முயற்சியைச் சில மாதங்களுக்குத் தள்ளிவைத்துவிட்டு, சுவரோர ஹேண்ட்ஸ்டாண்ட் (கைகளில் தலைகீழாக நிற்பது), எல்-சிட் (கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக் கால்களை முன்னே நீட்டியிருப்பது), கையை மடக்காமல் உடலைத் தாங்கும் எளிய பயிற்சிகள் ஆகியவற்றில் இறங்குங்கள் என்பதுதான். பல ஆண்டுகளாக இவற்றைப் பழகியும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தும் வருபவன் என்ற முறையில் காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிளாஞ்ச் என்பது நேராக நீட்டிய கைகளை ஊன்றி, கால் தரையில் படாமல், உடல் முழுவதையும் தரைக்கு இணையாக நிறுத்துவது. உடலின் ஈர்ப்பு மையம் ஏறத்தாழத் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. கவிழாமல் நிற்க வேண்டுமானால் அது உள்ளங்கைகளுக்கு நேர் மேலே வந்தாக வேண்டும். அப்படி வரவேண்டுமானால் தோள்கள் கைகளைத் தாண்டி நெடுந்தூரம் முன்னே சாய வேண்டும். தோளுக்கும் உள்ளங்கைக்கும் இடைப்பட்ட அந்தக் கிடைத் தூரம் கூடக் கூடத் தோள் ஈடுகொடுக்க வேண்டிய திருப்பு விசையும் கூடுகிறது. முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டால் மையம் தோளை நோக்கி நகர்வதால் அவ்வளவு சாய வேண்டியதில்லை, சுமையும் தணிகிறது. எனவேதான் ஒடுக்கிய டக், முதுகை நிமிர்த்திய அட்வான்ஸ்டு டக், கால்களை அகல விரித்த ஸ்ட்ராடில், அதன் பிறகு முழு பிளாஞ்ச் என்ற வரிசை வந்தது. நான்கிலும் உங்கள் எடை ஒன்றேதான். நெம்புகோலின் நீளம் மட்டும் படிப்படியாகக் கூடுகிறது. பாரைப் பிடித்து மல்லாந்தபடி உடலைத் தரைக்கு இணையாக நிறுத்தும் ஃப்ரண்ட் லீவருக்கும் இதே வரிசை பொருந்தும்.

யோகாசனம் பழகியவர்கள், மயூராசனம் வந்துவிட்டால் பிளாஞ்சும் வந்துவிடும் என்று சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹட யோகப் பிரதீபிகை விவரிக்கும் மயூராசனத்தில் மடங்கிய முழங்கைகள் தொப்புளின் இருபுறமும் வயிற்றுக்கு முட்டுக் கொடுக்கின்றன. உடலின் பாரம் அந்த முட்டின் மேல் இறங்குகிறது. பிளாஞ்சில் அந்த முட்டு கிடையாது, தோள்தான் அத்தனையையும் சுமக்கிறது. உடலை விறைப்பாக வைத்திருக்க மயூராசனம் நன்றாகப் பழக்கும், அவ்வளவே. தொடக்கத்தில் இருப்பவருக்கு அதைவிடப் பயன்படுவது காகாசனம். முழங்கால்களை மேற்கைகளில் ஊன்றி மெல்ல முன்னே சாயும்போது, முகம் தரையில் மோதிவிடுமோ என்ற பயம் முதலில் விலகும். எடை உள்ளங்கையின் அடிப்பகுதியிலிருந்து விரல்களுக்கு நகர்வதையும் உணர்வீர்கள்.

இனி மணிக்கட்டு வலிக்கு வருகிறேன். சாதாரணத் தண்டாலில் மணிக்கட்டு ஏறத்தாழ 90 டிகிரி பின்னோக்கி வளைகிறது. தோள் கைகளைத் தாண்டிச் சாயும்போது அந்த வளைவு 90-ஐயும் கடந்துவிடுகிறது, அதோடு முழு எடையும் அங்கேயே இறங்குகிறது. முழங்கையிலும் இதே கதைதான். கை நீட்டியபடி பூட்டப்பட்டிருக்கையில் இருதலைத் தசையின் (பைசெப்ஸ்) தசைநாண் முழங்கையருகே கடுமையாக இழுபடுகிறது. தசை சில வாரங்களிலேயே வலுப்பெறத் தொடங்கிவிடும். இரத்த ஓட்டம் குறைந்த தசைநாண் அதே சுமைக்குப் பழக மாதங்கள் எடுத்துக்கொள்ளும். ஆகவே, தசை "முடியும்" என்று சொல்லும் ஒரு கட்டத்தில் மூட்டு அதற்குத் தயாராக இருப்பதில்லை. தினமும் முயலும் ஆர்வலர்கள் பெரும்பாலும் காயப்படுவது அந்தக் கட்டத்தில்தான்.

வலி அடங்கும்வரை டக் முயற்சியை முற்றிலும் நிறுத்திவிடுங்கள். ஓய்விலும் வலி தொடர்ந்தாலோ வீக்கம் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலி அடங்கியபின், ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் மண்டியிட்டு, உள்ளங்கைகளைத் தரையில் பதித்து மெல்ல முன்னும் பின்னும் சாய்வது, விரல்களைத் தன் பக்கம் திருப்பிவைத்துச் சாய்வது, புறங்கையைத் தரையில் வைத்து லேசாக அழுத்துவது, விரல்களை ஊன்றியபடி உள்ளங்கையின் அடிப்பகுதியை மட்டும் தூக்கி இறக்குவது ஆகியவற்றை ஐந்து நிமிடமாவது செய்யுங்கள். கையில் பிடித்து ஊன்றக்கூடிய குட்டையான பேரலெட் கட்டைகள் கிடைத்தால் இன்னும் நல்லது, அவற்றில் மணிக்கட்டு ஏறக்குறைய நேராகவே இருக்கும்.

அடுத்தது தோள்பட்டை எலும்பு. தண்டால் நிலையில் முழங்கையை மடக்காமல் நின்று மார்பை மட்டும் இரு தோள்களுக்கும் நடுவே இறங்க விடுங்கள். பின்பு தரையைத் தள்ளி மேல்முதுகை வானத்தை நோக்கி உருட்டுங்கள். அசைவு இரண்டு அங்குலம்கூட இராது, ஆனால் சில முறைக்குள் அக்குளுக்குக் கீழே விலாவை ஒட்டி எரிச்சல் எடுக்கும்; பிளாஞ்சைத் தாங்கும் தசைகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. பிளாஞ்சில் தோள்பட்டைகள் முன்னோக்கி விரிந்து கீழ்நோக்கி அழுந்தியிருக்க வேண்டும். ஹேண்ட்ஸ்டாண்டில் காதை நோக்கி உயர வேண்டும். ஃப்ரண்ட் லீவரில் கீழே இழுத்துப் பின்னே ஒடுக்கியிருக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே மாதிரி தோளை வைத்துக்கொள்வதாலேயே பலரும் ஆண்டுக்கணக்கில் ஒரே படியில் நின்றுவிடுகிறார்கள்.

ஹேண்ட்ஸ்டாண்டை முதலில் வைக்கச் சொல்வது, அதில் எடை தோளுக்கு நேர் மேலே அடுக்கப்படுவதால் திருப்பு விசை மிகக் குறைவு என்பதால்தான். மூட்டுகள் முழு எடைக்குப் பழக அதைவிட எளிய வழி இல்லை. சுவருக்கு முதுகைக் காட்டிக் காலை உதைத்து ஏறாதீர்கள், அது இடுப்பை வாழைப்பழமாக வளைக்கும். சுவரை மார்பு பார்க்கும்படி, கால்களைச் சுவரில் வைத்து நடந்து ஏறி, கைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தூரம்வரை கொண்டுபோங்கள். விலா எலும்புகள் வெளியே துருத்தாமல் வயிற்றை உள்ளிழுத்து, பிட்டத்தை இறுக்கி, பார்வையை இரு கைகளுக்கும் நடுவில் நிறுத்துங்கள். முப்பது விநாடி மூச்சுத் திணறாமல் நிற்க முடிந்தபின் ஒவ்வொரு காலாகச் சுவரை விட்டு நுனி அளவுக்கு விலக்கிப் பாருங்கள். உடல் முதுகுப் பக்கம் சாயத் தொடங்கினால் விரல்நுனிகளால் தரையை அழுத்தி மீட்டுவிடலாம்; கால்கள் வந்த வழியே திரும்பி விழும் சாய்வை விரல்களால் மீட்பது கடினம். ஆகவே எடையை எப்போதும் விரல் பக்கமாகச் சற்றே வைத்திருப்பதுதான் பழக வேண்டிய வித்தை. இதையெல்லாம்விட முன்னதாக, கவிழும்போது ஒரு கையைக் கால்பங்கு வட்டம் திருப்பிப் பக்கவாட்டில் கால் ஊன்றி இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் செய்வதானால் மாடிப்படி அறையின் சுவரைப் பயன்படுத்துங்கள்; கைப்பிடிச் சுவரின் பக்கமே போக வேண்டாம். உயர் இரத்த அழுத்தமோ கண் நீர் அழுத்த நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தலைகீழ் நிலைகளில் இறங்கக் கூடாது.

எல்-சிட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கைகளை ஊன்றி உடலைத் தூக்கி, முதலில் முழங்கால்களை மடக்கி, பிறகு ஒரு காலை, பிறகு இரண்டையும் நீட்டுங்கள். தொடையில் குரக்களி பிடிப்பது சகஜம். தொடைப் பின்தசை இறுக்கமாக இருப்பவர்களுக்கு அதிகமாகவே பிடிக்கும். பாரில் உங்கள் புல்-அப் மூன்றிலிருந்து எட்டுப் பத்துக்கு வரும்வரை ஃப்ரண்ட் லீவரைத் தொட வேண்டாம். கையை மடக்காமல் தொங்கியபடி தோள்பட்டையை மட்டும் கீழே இழுக்கும் பயிற்சி இப்போதைக்குப் போதும்.

எவ்வளவு நேரம், எத்தனை நாள் என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதுமானது. ஒரு நிலையில் உங்களால் அதிகபட்சம் பத்து விநாடி நிற்க முடியுமானால், ஆறு விநாடியில் இறங்கி ஓய்வெடுத்து மறுபடி ஏறுங்கள். இப்படிச் சேரும் மொத்த நேரம் ஒரு நிமிடத்தை ஒட்டி இருந்தால் சரி. கை நடுங்கி முழங்கை மடங்கும்வரை இழுப்பது வடிவத்தைக் கெடுக்கும். ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளில் வளையங்களில் இத்தகைய நிலைகளை 2 விநாடி அசையாமல் காட்ட வேண்டும் என்பது விதி. அந்த இரண்டு விநாடிக்குப் பின்னால் சிறுவயது முதல் பழகிய மூட்டுகள் இருக்கின்றன; காணொளியில் தெரிவது அந்த இரண்டு விநாடி மட்டுமே. உயரமானவர்களுக்கும் கால் கனமானவர்களுக்கும் இன்னும் காலம் பிடிக்கும். சுவரில்லாத ஹேண்ட்ஸ்டாண்டுக்குப் பல மாதங்கள், முழு பிளாஞ்சுக்குச் சில ஆண்டுகள் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

டக் நிலைக்கு எப்போது திரும்புவது என்பதை உணர்வை நம்பி முடிவு செய்யாமல் அளந்து முடிவு செய்யுங்கள். தண்டால் நிலையில் கைகளை வைத்து, நடுவிரல் நுனிகளைத் தொட்டுச் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போடுங்கள். கைபேசியைப் பக்கவாட்டில் நிறுத்திப் பதிவு செய்தபடி, கால்விரல்களால் தள்ளித் தோள்களை முன்னே சாயுங்கள். தோள் அந்தக் கோட்டுக்கு நேர் மேலே வந்த சாய்வில், முழங்கை மடங்காமலும் மேல்முதுகு உருண்டபடியும் இருபது விநாடி நிற்பது பதிவில் தெரிந்து, மறுநாள் காலை மணிக்கட்டில் வலியும் இல்லையென்றால், அந்த வாரமே டக்கை மறுபடி தொடங்கலாம்.