கம்பிமேல் குருவி: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஓய்வுபெற்ற கையோடு பைனாகுலர் வாங்கினேன். பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியும் இறக்கிவைத்திருக்கிறேன். ஆனால் பார்க்கிற பழுப்புக் குருவியெல்லாம் ஒன்றாகவே தெரிகிறது. புத்தகத்தைப் புரட்டுவதற்குள் பறந்துவிடுகிறது. எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகர், மன்னார்குடி

நிறத்தில் தொடங்கியதுதான் வினை. நான் முப்பது வருஷத்துக்கு மேல் இந்த டெல்டா வயல்களில் கம்பம் ஏறிய லைன்மேன். கம்பத்தின்மேல் நின்று புத்தகம் பிரிக்க முடியாது. வெயில் எதிரே அடித்தால் எல்லாக் குருவியும் கறுப்புதான். அதனால் எது எங்கே உட்காருகிறது, உட்கார்ந்து என்ன செய்கிறது என்று பார்த்தே பழகினேன்.

உங்கள் ஊரிலிருந்து எந்தச் சாலையில் போனாலும் வயலோரமாகக் கம்பி போகும். காலையில் ஒரு கிலோமீட்டர் நடங்கள். கம்பியிலிருந்து எகிறி, பூச்சியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து உட்காருகிற கறுப்புக் குருவி ரெட்டைவால் குருவி. கரிச்சான் என்றாலும் அதுதான். பருந்தையே விரட்டும் ரவுடி. அதே வேலையைப் பச்சை உடம்போடு செய்து, வால் நடுவில் ஊசி நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சுருட்டான். பிடித்த தேனீயைக் கம்பியில் அடி அடியென்று அடித்து, கொடுக்கை நீக்கிவிட்டுத்தான் விழுங்கும். வெண்மார்பு மீன்கொத்தியைப் பேரை நம்பிக் குளத்தங்கரையில் மட்டும் தேடாதீர்கள். வெட்டுக்கிளி, தவளை, ஓணான் குட்டி எதுவும் அதற்குச் சம்மதம். தண்ணீரே இல்லாத தெருவிலும் உட்கார்ந்திருக்கும்.

பனங்காடைதான் ஆளை ஏமாற்றும். தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் நனைந்த கோணிச்சாக்கு. கிளம்பியதும் இறக்கையில் இரண்டு விதமான நீலம் விரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் கையிலிருந்த கட்டிங் பிளேயரைக் கீழே விட்டேன். வரப்பில் இருக்கிற மடையானும் இந்த ஜாதிதான்: உட்கார்ந்தால் சேற்று நிறம், பறந்தால் முழு வெள்ளை.

உங்களைக் குழப்புகிற பழுப்பு அநேகமாகத் தவிட்டுக்குருவி. ஆறேழு சேர்ந்து, சொத்துத் தகராறு மாதிரிக் கத்திக்கொண்டு சருகைக் கிளறினால் சந்தேகமே வேண்டாம். கண்ணைப் பாருங்கள், வெளிறிப்போயிருக்கும்.

செயலி குரலைக் கேட்டே பேர் சொல்லிவிடும். நல்லதுதான், ஆனால் முதலில் நீங்கள் ஒரு பேர் சொல்லிவிட்டு அப்புறம் அதைத் திறங்கள். பைனாகுலர் 20 மடங்கா? மாற்றிவிடுங்கள், கை நடுக்கமும் 20 மடங்காகத் தெரியும். 8 மடங்கு, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் போதும். பொங்கல் சமயத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் 15 நிமிஷம் மொட்டைமாடியில் நின்று எண்ணினாலே சேர்த்துக்கொள்வார்கள். அதற்குள் இருபது பறவையின் பேர் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் வேப்பமரத்தில் ஒரு கறுப்புக் குயிலும், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு பழுப்புப் பறவையும் வருகின்றன. இரண்டாவது என்ன பறவை?
– ஒரு வாசகி, கும்பகோணம்

அதுவும் குயில்தான் அம்மா, பெண்குயில். சிவந்த கண்ணோடு "கூ... ஊ" என்று ஏற்றிக்கொண்டே போகிற கறுப்பு, ஆண். பெண் 'கிக் கிக் கிக்' என்று அவசரமாகக் கத்துவதோடு சரி. இனிமையாகப் பாடுகிற பெண்ணைக் குயில் என்று நம் ஆட்கள் புகழ்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

காக்கை எங்கள் இலாகாவுக்குப் பெரிய தொல்லை. கட்டுக்கம்பித் துண்டையெல்லாம் பொறுக்கி வந்து கம்பத்திலேயே கூடு கட்டும்; அது லைனில் பட்டால் ஊரே இருட்டு. அப்படிப் பிரிக்கப் போன ஒரு கூட்டில் காக்கை முட்டைகளோடு, கொஞ்சம் சின்னதாக, செம்புள்ளி விழுந்த முட்டை ஒன்று கிடந்தது. குயில் வைத்துவிட்டுப் போனது. உங்கள் மரத்தில் காக்கைக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பர் காக்கையை வம்புக்கிழுத்துத் தள்ளிக்கொண்டு போக, அம்மாள் நைசாக உள்ளே நுழைவதைப் பார்க்கலாம்.

கேள்வி: இரவில் ஆள்காட்டிக் குருவி கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்கிறாரே மாமியார்?
– ஒரு வாசகி, சீர்காழி

மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டை வைக்கிற பறவை. நாலு முட்டை, மண்ணாங்கட்டி நிறம். பக்கத்தில் நாயோ நரியோ மனிதனோ வந்தால், ராத்திரி என்றும் பார்க்காமல் கத்தும். நடுராத்திரி பியூஸ் போட வயலுக்குள் போகும்போதெல்லாம் டிரான்ஸ்பார்மர்வரை என் தலைக்குமேலேயே கத்திக்கொண்டு வரும். மறுநாள் ஊரில் ஏதாவது ஆகும் என்பார்கள். கரண்ட் வந்திருக்கும்.